தலைக்கு அடியில் ஒரு கை

தென்காசியில் அவருக்குத் 'தலையணை டாக்டர்' என்று பெயர் வைத்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஒரு பெண் பட்டணம் போய், மயக்க மருந்துக்கென்றே தனியாகப் படித்து, கத்திக்குக் கீழே படுப்பவர்களின் மூச்சைக் காக்கிற வேலைக்கு இந்த ஊருக்கு வந்தார். அவரைப் பார்த்துத் தலையணை என்று சிரித்தார்கள். சந்தைக்குப் போனால் சிரிப்பு, கோயிலுக்குப் போனால் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்று மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள். எனக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை.

நான் அப்போது அந்த ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்ஸ். ஆஸ்பத்திரி பெரிய டாக்டருக்குச் சொந்தம். அறுவை செய்கிறவர் அவர்தான். கட்டடம் அவருடையது, கார் அவருடையது, கோபப்படுகிற உரிமையும் அவருக்கு மட்டும்தான். அதற்கு முன்பெல்லாம் நோயாளியின் மூக்கின் மேல் துணி போட்டு, அதில் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். அவர் திமிறுவார், இரண்டு பேர் காலை அமுக்கிக்கொள்வோம். அறுபதுகளின் தொடக்கத்தில் டாக்டரம்மா வந்த பிறகுதான் தொண்டைக்குள் குழாய் போட்டு மூச்சுக் கொடுக்கிற முறை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. செங்கோட்டைக்காரர். பேச்சில் 'கேட்டோ' என்று ஒரு மலையாள வால் தொங்கும்.

அவருக்கு ஒரு பழக்கம். நோயாளியை மேஜையில் படுக்க வைத்ததும், மருந்தைச் செலுத்துவதற்கு முன்னால், தலைக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பார். கழுத்துப் பள்ளம், பிடரி, தலையணையின் உயரம் எல்லாவற்றையும் விரலாலேயே அளந்துவிடுவார். சரியில்லையென்றால் தலையணையை உருவுவார், துணியை மடித்து வைப்பார், மறுபடி கையை விடுவார். எத்தனை பேர் காத்து நின்றாலும் அவருக்குக் கவலை இல்லை.

காரணம் இல்லாமலா? ஊசி போட்டதும் நோயாளி தூங்கிவிடுவார். அடுத்த மருந்தில் சதையெல்லாம் தளர்ந்து மூச்சும் நின்றுவிடும். நிறுத்துவது நாம்தான். குழாய் உள்ளே போனால்தான் மறுபடி மூச்சு. அந்தக் கொஞ்ச நேரத்தில் நாக்கைத் தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் மூச்சுக்குழலின் வாசலைக் கண்டுபிடித்தாக வேண்டும். தெரிகிறதா இல்லையா என்பது தலை கிடக்கிற கிடையில் இருக்கிறது. "தலைய மட்டும் பின்னால மல்லாத்துனாப் போதாது, கேட்டோ. கழுத்து முன்னால வரணும், மூஞ்சி மேல தூக்கணும். சீசன்ல பலாப்பழக் கடையத் தாண்டும்போது மூக்க நீட்டி ஒரு இழு இழுப்பியள்லா? அந்தக் கிடைதான்" என்பார். அதற்குப் பிறகு குற்றாலத்தில் பலாப்பழக் கடையைத் தாண்டும்போதெல்லாம் என் கை தானாகப் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் புத்தி ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. ஒரு சாரல் நாளில் நர்ஸுகள் எல்லோரும் அவரோடு அருவிக்குக் குளிக்கப் போனோம். குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால், எண்ணெய் தேய்க்கிற இடத்தில் ஒரு மிராசுதார் பாறையின் மேல் மல்லாந்து கிடந்தார். தொந்தி கோபுரமாக நின்றது. தேய்த்த சுகத்தில் தூக்கம். அருவிச் சத்தத்தையும் மீறிக் குறட்டை. நடுநடுவே குறட்டை அப்படியே நின்றுபோகும், வயிறு மட்டும் வீணாக ஏறி இறங்கும், பிறகு ஒரு திணறலோடு மறுபடி ஆரம்பிக்கும். நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். டாக்டரம்மா நேரே போனார். எண்ணெய் தேய்க்கிறவரின் தோளில் கிடந்த துண்டை உருவினார், சுருட்டினார், மிராசுதாரின் தலையைத் தூக்கி அடியில் செருகி, முகவாயை மேலே நிமிர்த்தினார். குறட்டை நின்றது. மனிதர் கண்ணைத் திறந்தால் மேலே ஒரு பெண்ணின் முகம்.

"யாரும்மா நீ? ஆம்பளைய படுத்திருக்க இடத்துல வந்து தலையத் தூக்குத?"

"நீரு மூச்சு முட்டுறது அங்கன வரைக்கும் கேக்குது வே. இனிமே வீட்டுலயும் மல்லாந்து படுக்காதேயும். ஒருச்சாச்சுப் படும், கேட்டோ."

அவ்வளவுதான், திரும்பி நடந்துவிட்டார். அந்த ஆள் ஒரு நன்றி சொன்னாரா? மானம் போய்விட்டது, போலீசுக்குப் போகப் போகிறேன் என்று சீசன் முடிகிற வரைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். திணறாமல் மூச்சு விட்டுக்கொண்டே சொல்லித் திரிந்தார். அதுதான் எனக்கு எரிச்சல்.

பெரிய டாக்டர் மட்டும் என்ன வாழ்ந்தது? திருவேங்கடத்திலிருந்து ஒரு அம்மாள் பித்தப்பை அறுவைக்கு வந்தார். நல்ல கனத்த உடம்பு. ஒரு தலையணை வைத்தால் அவர் முகம் நெஞ்சுக்குப் பின்னால் எங்கேயோ பள்ளத்தில் கிடந்தது. டாக்டரம்மா தோளுக்கு அடியில் மடித்த போர்வை, அதற்கு மேல் இன்னொன்று, தலைக்கு இரண்டு தலையணை என்று அடுக்கிக்கொண்டே போனார். பக்கவாட்டில் நின்று பார்த்தால் காது ஓட்டையும் தொண்டைக்குழியும் ஒரே மட்டத்தில் வர வேண்டும், அதுவரை விடமாட்டார்.

"என்னம்மா, கொலு வைக்கீயளா?" என்று பெரிய டாக்டர் கதவருகே நின்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமா சார். சுண்டல் ஆகுறதுக்குள்ள நீங்க கையக் கழுவிட்டு வந்துருங்க."

குழாய் ஒரே தடவையில் போயிற்று. அறுவை முடிந்ததும் அந்த வீட்டார் ரோஜா மாலையும் பழத்தட்டுமாக வந்து பெரிய டாக்டர் முன்னால் நின்றார்கள். வழக்கமே அதுதான். அவர் வராந்தாவில் மாலையை வாங்கிக்கொண்டிருப்பார். டாக்டரம்மா உள்ளே, நோயாளி தானாக இருமி விழிக்கிற வரைக்கும் முகவாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். யார் வீட்டாராவது உள்ளே எட்டிப் பார்த்து, மூச்சு விட வைத்த மகராசி எங்கே என்று கேட்டதுண்டா? நான் இருந்த காலத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும்விட அவரைப் படுத்தியது கொண்டை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தலைகொள்ளாத முடி. அறுவைக்கு வருகிற நாளில் எண்ணெய் வைத்து வாரி, பிடரியில் தேங்காய் அளவுக்கு இறுக்கிக் கொண்டை போட்டு, பூ வைத்துத்தான் வீட்டில் அனுப்புவார்கள். தாலியைக் கழற்ற மாட்டோம் என்பார்கள், சரி, நூலைச் சுற்றிக் கட்டிவிடலாம். கொண்டையை என்ன செய்வது? அது பிடரியை முட்டித் தலையை முன்னால் தள்ளும்; முகவாய் நெஞ்சில் போய்க் குத்திக்கொள்ளும்; பிறகு எந்த விளக்கை வைத்துப் பார்த்தாலும் வாசல் தெரியாது. அவிழ்த்துவிடுங்கள் என்றால் வார்டே கொதித்துப்போகும். கட்டின புருஷன் கல்லுப் போல வெளியே நிற்கும்போது தலைவிரி கோலமாகப் படுக்க வைப்பதா?

டாக்டரம்மா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். நடுவகிடு எடுத்து, காதுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரட்டைச் சடை. முடி அவிழவும் இல்லை, பின்னால் எதுவும் முட்டவும் இல்லை. காலையில் சீப்போடு வார்டுக்கு வந்து தானே பின்னிவிடுவார். பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல இரட்டைச் சடையோடு ஸ்ட்ரெச்சரில் போவார்கள். சிலர் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். பலர் முறைத்தார்கள். "வைத்தியம் பாக்க வந்தோமா, வேஷம் கட்ட வந்தோமா?" என்று ஒரு புருஷர் கத்தினார். டாக்டரம்மா சடையைப் பின்னி முடித்து, நுனியில் ரிப்பனும் கட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

என் அக்காவை ராயகிரியில் கொடுத்திருந்தது. அவளுக்குக் கழுத்தில் கழலை. முதலில் நெல்லிக்காய் போல இருந்தது, பிறகு படுத்தால் மூச்சை அழுத்துகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. நான்தான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தேன். கூட அவள் மாமியார் வந்திருந்தார். அந்த அம்மாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதிலேயே தாலியறுத்தவர். பத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, அவர் தலையை அவிழ்த்துப் பூவைப் பிடுங்கியதை அவர் சாகிற வரைக்கும் மறக்கவில்லை. தன் மருமகள் தலையில் பூ இல்லாமல் ஒரு நாள் பார்க்கச் சகிக்காது அவருக்கு. மகன் உயிர் அந்தப் பூவில்தான் இருக்கிறது என்பது போல நடந்துகொள்வார். அதனால் அவரை முழுக்கத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

அக்காவுக்கு அறுவை நடந்த அன்று சீசன் உச்சத்தில் இருந்தது. வசதியுள்ளவர்கள் அறுவையைச் சாரல் காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள். முடிந்ததும் குற்றாலத்தில் பங்களா எடுத்து உடம்பைத் தேற்றிக்கொண்டு போகலாமே. பெரிய டாக்டருக்குப் பட்டணத்திலிருந்து டாக்டர் விருந்தாளிகள் வேறு வந்திருந்தார்கள். கழலையை எப்படி எடுக்கிறார் என்று பார்க்க அவர்களைத் தியேட்டருக்கே அழைத்து வந்துவிட்டார். காலையில் டாக்டரம்மா வார்டுக்கு வந்து அக்காவுக்கு இரட்டைச் சடை பின்னி, துணித் தொப்பி மாட்டிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் மாமியார் தொப்பியைக் கழற்றி, இரண்டு சடையையும் பின்னால் இழுத்துச் சுருட்டி, சவுரியும் சேர்த்துக் கொண்டை போட்டு, வாழைநாரால் முடிச்சுமேல் முடிச்சாகக் கட்டி, பூவையும் செருகி, மேலே பழையபடி தொப்பியை மாட்டிவிட்டார். வார்டில் முன்கூட்டியே போட்ட ஊசியின் மயக்கத்தில் அக்கா அரைத் தூக்கத்தில் இருந்தாள்.

மேஜையில் படுக்க வைத்து, கை நரம்பில் ஊசியைக் குத்தி, மருந்தை இன்னும் செலுத்தாமல் டாக்டரம்மா வழக்கம்போலத் தலைக்கு அடியில் கையை விட்டார். முகம் மாறியது.

"இது யாரு கட்டுனது? சார், ஒரு நிமிசம். இத அவுத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும்."

விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய டாக்டருக்கு முகம் சிவந்தது. "ஒரு கொண்டைக்காக என் கேஸ நிறுத்துதீயளா? வந்தவுக என்ன நினைப்பாவ?" என்றார். "அவுக்காம நான் மருந்து கொடுக்க மாட்டேன் சார்" என்று டாக்டரம்மா தொப்பியை உருவ, நான் உதவிக்குக் குனிந்தேன். அந்த நேரத்தில் பெரிய டாக்டர் தானே கையை நீட்டி ஊசியை அழுத்தினார். தயாராக இருந்த இரண்டாவது ஊசியையும் எடுத்து அழுத்தினார். "இப்ப போடுங்க குழாய" என்றார்.

ஒரு உயிரைப் பந்தயத்தில் வைப்பதற்கு அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. அதுவும் என் அக்காவின் உயிர்.

அக்காவின் கண் செருகியது. உடம்பு லேசாகத் துடித்து அடங்கியது. மூச்சு நின்றது. டாக்டரம்மா முகமூடியை வைத்துக் காற்றுப் பையை அழுத்திப் பார்த்தார், நெஞ்சு ஏறவில்லை. விளக்கை உள்ளே விட்டார். முகவாய் நெஞ்சில் இடித்துக்கொண்டு வழியே விடவில்லை. நான் நார் முடிச்சைப் பிய்த்தேன். பூவின் ஈரத்தில் ஊறிய நார் நகத்துக்கு அசையவில்லை. அக்காவின் உதடு நாவற்பழ நிறத்துக்கு வந்தது.

"கத்திரி!" என்று டாக்டரம்மா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கட்டுத்துணி வெட்டுகிற பெரிய கத்திரியால் கொண்டையை அடியோடு வெட்டினார். தலை பின்னால் சாய்ந்தது. தலையணையைச் செருகி, முகத்தைத் தூக்கி, விளக்கை வைத்தார். குழாய் போயிற்று. நெஞ்சு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பெரிய டாக்டர் ஒன்றுமே நடக்காததுபோலக் கை கழுவப் போனார். கழலையை நன்றாகத்தான் எடுத்தார். அதை நான் மறுக்கவில்லை.

வெட்டிய கொண்டையை வீட்டாரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மாமியார் அதை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் ஒப்பாரி வைத்தார். பூ இன்னும் வாடாமல் இருந்தது.

"என் மவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையிலயே இவளத் தாலியறுத்தவளா ஆக்கிட்டாளே! அவ கை விளங்குமா?"

பெரிய டாக்டர் வந்தார். வாயைத் திறந்து நடந்ததைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "மனசுல வச்சுக்கிடாதீய ஆச்சி. அந்தம்மா அவசரப்பட்டுட்டாவ. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவசரப்பட்டது யார்? "ஊசிய அமுக்குனது யாருன்னு கேளுங்க அத்த! அவுக வெட்டலன்னா இந்நேரம் அக்காவத் தூக்கிட்டுல்லா போயிருப்போம்!" என்று கத்தினேன். "சிஸ்டர், உள்ள போங்க" என்றார் பெரிய டாக்டர். அக்கா புருஷனும் என்னையே அதட்டினார். "நீ சும்மா கிட. பெரியவுகள எதுத்துப் பேசுத."

அப்போதுதான் டாக்டரம்மா வெளியே வந்தார். இவ்வளவு நேரமும் அக்காவின் முகவாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அங்கியெல்லாம் முடி. "மருமவ முழிச்சுட்டா. உங்களத்தான் தேடுதா. போயிப் பாருங்க" என்றார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "முடி வளரும் ஆச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியின் தலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். விருந்தாளிகள் முன்னால் மரியாதைக் குறைவு, நோயாளி வீட்டாரின் மனம் புண்பட்டது என்று காரணம். கடைசி நாளும் வழக்கம்போல வந்து, படுத்தவர்கள் எல்லோருடைய தலைக்கு அடியிலும் கையை விட்டுப் பார்த்துவிட்டு, மாலையில் கொல்லம் போகிற ரயிலில் ஏறினார். வழியனுப்ப என்னைத் தவிர ஒருவரும் வரவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு வர நான் கேட்டதற்கு, முடி வளர்கிற வரைக்கும் அவள் வாசல்படி தாண்டக் கூடாது என்றுவிட்டார்கள். "அவளுக்குத் தொண்டை கரகரன்னு இருந்தா வெந்நி மட்டும் குடு, கேட்டோ" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குக் கோபம் வராததால் எனக்கு அவர் மேலேயே கோபமாக இருந்தது.

பிறகு, தேவைப்படும்போது வெளியூரிலிருந்து ஒரு மயக்க டாக்டரை வரவழைத்தார்கள். இனிமேல் நோயாளிகளின் தலைமுடியை யாரும் தொடக் கூடாது என்பது பெரிய டாக்டரின் உத்தரவு. அடுத்த சாரலில் மேலகரத்திலிருந்து ஒரு பெண் கர்ப்பப்பை அறுவைக்கு வந்தாள். சின்னப் பெண், பிள்ளைக்காரி. தேங்காய்க் கொண்டை, நிறையப் பூ. நான் வார்டிலேயே சீப்பை எடுத்தேன், வீட்டார் விடவில்லை. தியேட்டரில் புது டாக்டரிடம் சொன்னேன். "பழைய கதைய ஆரம்பிக்காதீய சிஸ்டர்" என்றார் பெரிய டாக்டர். ஊசி போனது. குழாய் போகவில்லை. மறுபடி மறுபடி விட்டுப் பார்த்தார்கள், ஒவ்வொரு தடவையும் வாசல் தெரியவில்லை. நான் ஓடிப்போய்க் கத்திரியை எடுத்து நீட்டினேன். வாங்க ஒரு கை இல்லை. நானே வெட்டி முடித்திருப்பேன், அதற்குள் முடிந்துவிட்டது.

இருதயம் பலவீனம் என்று பெரிய டாக்டர் சொன்னார். வராந்தாவில் அழுகைச் சத்தம் கேட்டது. ஏச்சுச் சத்தம் கேட்கவில்லை. யாரும் யார் கையையும் விளங்காமல் போகச் சொல்லவில்லை. பெரிய டாக்டரைக் கும்பிட்டு, உடலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த வாரம் நான் ராயகிரிக்குப் போயிருந்தேன். செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா உள்கட்டில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் முடி தோள் வரைக்கும் வளர்ந்திருந்தது. கழுத்துத் தழும்பு அடங்கியிருந்தது. மாமியார் எதிரே உட்கார்ந்து என்னிடம் விசாரித்தார். எத்தனை வயது, எந்த வீடு, எப்படி எடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"வச்ச பூ வாடாம, மஞ்ச குங்குமத்தோட போயிட்டா. கொடுத்து வச்ச மகராசி."

அக்கா அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சீப்பு மகளின் தலையில் பாதியில் நின்றது.

"அவ பிள்ளையளுக்கு இன்னைக்கு யாரு அத்த தலை வாரி விடுவா?" என்று கேட்டாள்.